கௌதாரிச் சாறு ருசி காடைல வருமா? அம்மாவுக்காகக் கேக்குறேன்

பாலக்கோட்டான்:

எல்லாருக்கும் வணக்கங்க. இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தவன், இப்பதான் மொத தடவ எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கங்க.

எங்க அம்மாவுக்கு 74 வயசு. பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவுல ஒரு சின்ன ஊர்லதான் பொறந்து வளந்தாங்க. மூணு மாசம் முன்னாடி வயித்துல ஒரு ஆபரேஷன் ஆச்சு, அதுலேர்ந்து சாப்பாடுன்னாலே மொகத்த திருப்பிக்கிறாங்க. இட்லி பாதி, கஞ்சி ரெண்டு டம்ளர், அவ்ளோதான். எடை இறங்கிட்டே போகுது. என்னம்மா வேணும் சொல்லுன்னு தினம் கேட்டுக் கேட்டு, போன வாரம் ஒரு நாள் ராத்திரி வாய தொறந்து சொன்னாங்க, "எங்கப்பா வெக்கிற கௌதாரிச் சாறு கெடைச்சா ஒரு உருண்ட களி சாப்புடுவேன்டா"ன்னு. இத்தன நாள்ல அவங்களா வாய் விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதாங்க.

தாத்தா இருந்தது எல்லாம் 60கள்ல. தை மாசம் கொள்ளு பிடுங்கி முடிச்ச காட்டுல, வேலி ஓரமா கண்ணி வெச்சு ரெண்டு மூணு கௌதாரி பிடிச்சுட்டு வருவாராம். அடுப்பங்கரைக்குள்ள அத விட மாட்டாங்களாம் பாட்டி, அதனால வாசல்ல மூணு கல்லு கூட்டி தாத்தாவே சமைப்பாராம். அம்மா சொன்னத அப்படியே எழுதுறேன்: இறகைத் தண்ணி படாம கையால பிடுங்குவாரு, மஞ்சள அரைச்சு ஒடம்பு பூரா பூசுவாரு, காஞ்ச ராகித் தாள, அதாவது ராகி வைக்கோல, கொளுத்தி அந்த நெருப்புல திருப்பித் திருப்பி வாட்டுவாரு, தோலு மேல கொழுப்பு மினுமினுன்னு வந்து மஞ்சள் கருத்து ஒரு வாசன வரும் பாரு, அதுக்கே நாங்க அஞ்சு பேரும் சுத்தி ஒக்காந்துருவோம். அப்புறம் மொளகு நெறைய வெச்சு அரைச்ச மசாலா, சட்டில ரொம்ப நேரம் கொதிக்கும், களி கிண்டி எறக்குற நேரத்துக்கு சாறும் எறங்கும். இவ்ளோதான் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு.

இப்ப என் பிரச்சன ரெண்டு. ஒண்ணு, பஞ்சப்பள்ளி பக்கம் தெரிஞ்சவர் ஒருத்தர் "4 கௌதாரி கொண்டாந்து தரேன், யாருக்கும் தெரியாது"ங்கிறார். வாங்கலாமா வேணாமான்னு மனசு அடிச்சுக்குது. ரெண்டாவது, அது வேணாம்னு நெனச்சு நானே கடைல காடை 6 வாங்கிட்டு வந்து சமைச்சுப் பாத்தேன். குக்கர்ல 4 விசில் விட்டேன், எலும்பு தனியா நாரு தனியா ஒடைஞ்சு போச்சு, நெஞ்சுக் கறி வாயில போட்டா வைக்கோல் மாதிரி இருந்துச்சு, போதாததுக்கு ஒரு மாதிரி கவிச்சி வாசன வேற. அம்மா ஒரு வாய் வெச்சுட்டு தட்டத் தள்ளிட்டாங்க, ஒண்ணும் சொல்லல. அந்த மொகத்த பாக்க முடியலங்க.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. காடைல அந்த ருசி வருமா? வரும்னா எப்படி?

மேலகிரி வனவாசி:

தம்பி, மொத கேள்விக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா நான் காட்டிலாகால வேல பாத்து ரிட்டயர் ஆனவன், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கமெல்லாம் கால் படாத எடம் கெடையாது எனக்கு.

வாங்காதீங்க. தாத்தா பண்ணதுல தப்பு சொல்ல வரல, அந்தக் காலத்துல இந்தச் சட்டமே இல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ல வந்துச்சு, அப்பகூட சின்ன வேட்டைக்கு லைசென்ஸ் குடுத்துட்டு இருந்தாங்க, 1991 திருத்தத்துல அதையும் எடுத்துட்டாங்க. இன்னைக்கு கௌதாரி, காட்டுக்கோழி, வயக்காட்டுல இருக்குற காட்டுக் காடை எல்லாமே பாதுகாக்கப்பட்ட பறவைங்க. உங்க சொந்தப் பட்டா நெலத்துல உங்க வேலிலயே பிடிச்சாலும் குத்தம்தான். பிடிச்சவர் மட்டும் இல்ல, காசு குடுத்து வாங்குனவரு, வீட்ல கறி வெச்சிருந்தவரு எல்லார் மேலயும் கேஸ் போடலாம். 2022 திருத்தத்துக்கு அப்புறம் 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் ரூபா வரைக்கும் அபராதம்னு ஏத்திட்டாங்க. மயில் மாதிரி மொத அட்டவணைல இருக்குறதுன்னா குறைஞ்சதே 3 வருஷம்.

சட்டத்த விடுங்க, நான் பயப்படுறது வேற ஒண்ணுக்கு. இப்பெல்லாம் கண்ணி வெச்சு காத்துக் கெடக்குற பொறுமை நெறைய பேருக்கு இல்ல. தானியத்துல குருணை மருந்த, அதான் பயிருக்குப் போடுற பூச்சி மருந்த, கலந்து தூவிடுறாங்க. நானே அப்படிச் செத்துக் கெடந்த மயிலையும் கௌதாரியையும் அள்ளியிருக்கேன், வாயத் தொறந்து பாத்தா தொண்டைப்பை நெறைய ஊதா கலர் ஏறுன சோளம். அந்தப் பறவையக் கழுவி மஞ்சள் போட்டா வெசம் போயிடுமா? இல்ல நாட்டுத் துப்பாக்கில சுட்டதுன்னா கறிக்குள்ள ஈயக் குண்டு, பால்ரஸ் குண்டு என்ன இருக்கும்னு தெரியாது. செத்த பறவையா கைக்கு வந்தா அது எப்படிச் செத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆபரேஷன் ஆன ஒடம்புக்கு அதக் குடுக்காதீங்க தம்பி.

இன்னொண்ணு. கௌதாரி தரையில புல்லுக்குள்ளதான் முட்ட வெக்கும். நாய், கீரி, டிராக்டர் எல்லாத்துக்கும் தப்பிச்சுதான் குஞ்சு மேல வரணும். கொள்ளுக்காடு, புதர் வேலி எல்லாம் போயி பிளாட் கல்லு நட்ட எடத்துல அதுக்கு எடமே இல்ல. கரையான், புழு, களைச்செடி வெதைன்னு பொறுக்கித் தின்னு வெவசாயிக்கு ஒதவுற பறவை அது. விடியக்காலம் அது கத்துறது எங்க ஊர்ல இப்பவும் கேக்குது, கேட்டா எனக்கு சந்தோசமா இருக்கு.

கிச்சன் கிங்:

சார் சொல்றது சரிதான் ஆனா அங்கங்க எல்லாரும் சாப்ட்டுட்டுதான இருக்காங்க, வயசான அம்மா ஒரு தடவ ஆசப்பட்டதுக்கு இவ்ளோ பேசணுமா? ஒரு தடவைல என்ன ஆயிடப் போகுது?

மேலகிரி வனவாசி:

ஒரு தடவன்னு கேட்டு வர்றவங்க எண்ணிக்கதான் தம்பி அந்தப் பறவையோட கணக்கு. விக்கிறவர் அந்த 4 கௌதாரியோட நிறுத்த மாட்டார், வாங்குறவர் இருக்கார்னு தெரிஞ்சா அடுத்த வாரம் 10 கண்ணி வெப்பாரு. கண்ணில கௌதாரி மட்டுமா மாட்டும், முயல் மாட்டும், மயில் குஞ்சு மாட்டும், மேய்ச்சலுக்கு வந்த ஆட்டுக்குட்டி கால் அறுபட்டு நின்னத நான் பாத்திருக்கேன். அம்மா ஆசைய நிறைவேத்தணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. சமையல் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து இந்தத் தம்பிக்கு வழி சொல்லுங்க.

அரூர் அக்கா:

வந்துட்டேன் தம்பி. ரெண்டு நாளா ஊர்ல இல்ல, இப்பதான் பாத்தேன். உங்க பதிவப் படிச்சுட்டு எனக்கு எங்க மாமியார் ஞாபகம் வந்துருச்சு, அவங்களும் கடைசி காலத்துல இப்படித்தான் ஒரு ருசியத் தேடிட்டு இருந்தாங்க.

காடைல வரும். ஆனா நீங்க எங்க தப்பு பண்ணீங்கன்னு மொதல்ல புரிஞ்சுக்கணும், அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும்.

கௌதாரி காட்டுல ஓடி ஆடி வளந்த பறவை. காலு நரம்பு மாதிரி இருக்கும், அதனாலதான் உங்க தாத்தா ரொம்ப நேரம் கொதிக்க விட்டாரு. அந்த நேரத்துல எலும்புச் சத்தெல்லாம் தண்ணில எறங்கி சாறு கெட்டியாச்சு. பண்ணைக் காடை அப்படி இல்ல, 5 இல்ல 6 வாரத்துல வெட்டுக்கு வந்துரும், முழுசா 200 கிராம் சொச்சம்தான் இருக்கும், நாமக்கல் காடை, நந்தனம் காடைன்னு ரகம் எதுவா இருந்தாலும் அதே கதைதான். பிஞ்சுக் கறி. கறிக்குள்ள கொழுப்பு ரொம்ப கம்மி. அதப் போயி குக்கர்ல 4 விசில் விட்டா நெஞ்சுல இருக்குற ஈரமெல்லாம் வெளிய வந்து வைக்கோலாத்தான் ஆகும். அதே நேரம் பிஞ்சுப் பறவைல சாறுக்கு வேண்டிய ருசியும் அவ்ளோ ஏறியிருக்காது. அதாவது தாத்தாவோட பக்குவம் முத்தின பறவைக்கு உண்டானது, நீங்க அத பிஞ்சுப் பறவை மேல போட்டுட்டீங்க.

அதனால ரெண்டையும் பிரிச்சுருங்க. சாறுக்கு ஒரு முத்தின பறவை, கறிக்குக் காடை.

அடுத்தது தோலு. இதுதான் ரொம்ப முக்கியம். கடைல காடைய சட்டை கழட்டுற மாதிரி தோல உரிச்சுக் குடுத்துருவாங்க, அவங்களுக்கு அது சுலபம். நீங்க முன்னாடியே சொல்லி வெச்சு தோலோட இறகு பிடுங்கித் தரச் சொல்லுங்க. அம்மா சொன்ன அந்த வாசன இருக்கே, மஞ்சள் கருகி கொழுப்பு மினுங்குறது, அது முழுக்க தோல்ல இருக்கு. தோல் இல்லாத காடைல அதத் தேடுனா எப்படிக் கெடைக்கும்? ராகித் தாள் கெடைச்சா நல்லது, இல்லாட்டி நல்லா காஞ்ச தென்னை ஓலை போதும். பேப்பர் மட்டும் கொளுத்தாதீங்க, மை வாசன ஏறிக்கும். பச்ச மஞ்சளோ காஞ்ச மஞ்சளோ அம்மில உரசி, ரெண்டு சொட்டு கடலெண்ண விட்டுக் கொழப்பி பூசி, கால் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு நெருப்புல காட்டிக் காட்டி எடுங்க. ஒரு எடத்துலயே நிக்க வேணாம். தோல் சுருங்கி அங்கங்க பொட்டுப் பொட்டா கருக்கும்போது எடுத்துருங்க, ஒரு காடைக்கு அர நிமிஷம் ஒரு நிமிஷம்தான். அப்புறம் தண்ணி விட்டு கரிய லேசா தேய்ச்சுக் கழுவுங்க, ரொம்ப தேய்க்காதீங்க, வாசனையும் போயிரும்.

கவிச்சி எங்கேர்ந்து வந்துச்சுன்னா, வயித்துக்குள்ள வெரல விட்டுப் பாருங்க, முதுகெலும்ப ஒட்டி ரெண்டு பக்கமும் செவப்பா பஞ்சு மாதிரி நுரையீரலும் அதுக்குக் கீழ சிறுநீரகமும் ஒட்டிட்டு இருக்கும். கடக்காரங்க அத எடுக்க மாட்டாங்க. நகத்தால சொரண்டி எடுத்துட்டு கல்லுப்பு போட்டு தேய்ச்சுக் கழுவணும். வால் மேல கொத்தமல்லி வெத சைசுல மஞ்சளா ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கும், வாலோட சேத்து வெட்டி எறிஞ்சுருங்க. இது ரெண்டும் போனா பாதி வாசன போயிரும். பித்தப்பை ஒடைஞ்சிருந்தா அந்த எடம் பச்சையா இருக்கும், அத மட்டும் நறுக்கிடுங்க.

இப்ப சாறு. முட்ட விட்டு ஓஞ்ச நாட்டுக்கோழிப் பெட்டை ஒண்ணு வாங்குங்க, கழுத்து, முதுகு, கால், ரெக்கை மட்டும் அர கிலோ எடுத்துக்கிட்டு நெஞ்ச வேற எதுக்காச்சும் வெச்சுக்கங்க. அதையும் அதே மாதிரி மஞ்சள் பூசி வாட்டிருங்க. தட்டுன சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு 6 பல்லு, கொஞ்சம் உப்பு, தண்ணி 2 லிட்டர். குக்கர்னா 6 விசில், சட்டின்னா ஒண்ணரை மணி நேரம் சின்ன தீயில. சட்டில வெச்சா மேல வர்ற நுரைய எடுத்துட்டே இருங்க. வடிகட்டுனா ஒண்ணேகால் லிட்டர் வரும்.

மசாலாவுக்கு மல்லி 2 பெரிய ஸ்பூன், மொளகு ஒண்ணரை சின்ன ஸ்பூன், சீரகம் 1 ஸ்பூன், காஞ்ச மொளகா 4, கசகசா 1 ஸ்பூன், சின்னதா ஒரு துண்டு பட்ட, 2 கிராம்பு. ஒவ்வொண்ணா தனித்தனியா வெறும் சட்டில வறுத்து ஆற வெச்சு அரைங்க. கடைசில ஒரு துண்டு தேங்கா வெச்சு மையா அரைச்சுக்கங்க. தேங்கா ஜாஸ்தி ஆச்சுன்னா குருமா ஆயிரும், நம்ம பக்கத்து சாறுக்கு அது ஆகாது. இஞ்சி ஒரு கட்டை வெரல் அளவு, பூண்டு 10 பல்லு தனியா.

காடைய நெஞ்சு நடுவுல பொளந்து ரெண்டாக்கி, உப்பும் மொளகுத் தூளும் தடவி ஒரு மணி நேரம் வெச்சுருங்க. மண் சட்டில கடலெண்ண 3 கரண்டி ஊத்தி, சின்ன வெங்காயம் 20 நறுக்கிப் போட்டு நல்லா செவக்க விட்டு, இஞ்சி பூண்டு, தக்காளி ஒண்ணே ஒண்ணு, அப்புறம் அரைச்ச மசாலா. எண்ண பிரிஞ்சு வர்ற வரைக்கும் வதக்குங்க, அவசரப்படாதீங்க. அதுக்கப்புறம் வடிச்ச சாற கொதிக்கக் கொதிக்க ஊத்தி, அது கொதி வந்து 10 நிமிஷம் ஆனப்புறம்தான் காடையப் போடணும். தீயக் கொறச்சு மூடி போட்டு 15 நிமிஷம். காலப் பிடிச்சுத் திருகுனா மூட்டு லேசா கழண்டு வரணும், தொடைல குத்திப் பாத்தா செவப்பா தண்ணி வரக் கூடாது. எறக்கி வெச்சு அர மணி நேரம் மூடியே இருக்கட்டும். அந்த அர மணி நேரத்துலதான் கறி சாற உள்ள இழுக்கும். நீங்க களி கிண்ட அந்த நேரம் சரியா இருக்கும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி மூணு மாசம்னு சொன்னீங்க, மொளகு காரம் குடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க. கொறச்சுக்கச் சொன்னா காஞ்ச மொளகாய மொத்தமா விட்டுருங்க, மொளகுல மட்டும் கை வெக்காதீங்க, அதுதான் அந்தச் சாறுக்கு உசுரு.

பாலக்கோட்டான்:

அக்கா, ரெண்டு தடவ படிச்சேன். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன். "முதுகெலும்பு ஓரம் நகத்தால சொரண்டணும்"னு வந்த எடத்துல, "ஆமாண்டா, எங்கப்பாவும் சொரண்டுவாரு, நகம் பூரா மஞ்சளா இருக்கும்"னாங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

வனவாசி ஐயா, அந்த ஆளுகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். குருணை மருந்து விசயம் எனக்கு சத்தியமா தெரியாது. அதக் கேட்டதுலேர்ந்து, வாங்கிக் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா கை நடுங்குது.

ஊத்தங்கரை டு லிங்கன்ஷயர்:

பாலக்கோட்டு அண்ணா, நான் ஊத்தங்கரை, இப்ப இங்கிலாந்துல லிங்கன்ஷயர்ல இருக்கேன். இங்க வேட்டைப் பறவை சமைக்கிறது சட்டப்படியே நடக்குது, அக்கா சொன்னதையேதான் நான் வேற வழில கத்துக்கிட்டேன், அதான் எழுதுறேன்.

இங்க ஃபெசன்ட்னு ஒரு பறவை, நம்ம சேவல் சைசு, நீள வாலு. அக்டோபர் 1லேர்ந்து பிப்ரவரி 1 வரைக்கும்தான் சுடலாம், அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ சுட்டா குத்தம். நம்ம ஊர்ல நெனைக்கிற மாதிரி எல்லாமே காட்டுலயே பொறந்ததும் இல்ல, வருஷா வருஷம் கோடிக்கணக்குல பண்ணைல வளத்துக் காட்டுல விடுறாங்க. கூட வேல பாக்குற ஒரு பெரியவர் போன நவம்பர்ல ஒரு ஜோடிய கழுத்துல சணல் கயிறு கட்டிக் கொண்டாந்து குடுத்தாரு. இறகோடயே, வயிறு கிழிக்காம, ஷெட்ல 3 நாள் தொங்க விடச் சொன்னாரு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா இங்க அப்ப 5, 6 டிகிரி குளிரு, பிரிட்ஜ் மாதிரிதான் வெளிய இருக்கும், அதுல தொங்குனா கறி எளகி ருசி கூடுது. தருமபுரி கிருஷ்ணகிரி வெயில்ல யாரும் இத முயற்சி பண்ணிடாதீங்க, சாயங்காலத்துக்குள்ள கெட்டுரும்.

சுத்தம் பண்ணும்போதுதான் ஒண்ணு பாத்தேன். நெஞ்சுல ஒரு எடத்துல கருநீலமா ரத்தம் கட்டியிருந்துச்சு, கத்தி முனைய விட்டு நோண்டுனா ஒரு சின்ன இறகு உள்ள சுருண்டு கெடக்கு, அத இழுத்தா கடுகு சைசுல ஒரு குண்டு. குண்டு போகும்போது இறகையும் சேத்து உள்ள இழுத்துட்டுப் போயிருக்கு. அப்புறம் ஒவ்வொரு ஓட்டையா தேடித் தேடி 5 எடுத்தேன். இங்க கடைல விக்கிற பாக்கெட்லயே குண்டு இருக்கலாம்னு அச்சடிச்சிருப்பாங்க, ஈயக் குண்டுல சுட்டத கொழந்தைங்களும் கர்ப்பமா இருக்குறவங்களும் முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கணும்னு அரசாங்கமே சொல்லுது. எங்க வீட்ல என் பொண்ணுக்கு 4 வயசு, அவளுக்கு நான் குடுக்கல.

மொத பறவைய முழுசா கொழம்பு வெச்சேன், உங்க கதையேதான், நெஞ்சு காஞ்சு போச்சு, காலு வேகவே இல்ல. அப்புறம் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன், அவங்க ஊத்தங்கரைல ஒக்காந்துக்கிட்டே பாத்துட்டு "ஏண்டா ரெண்டும் ஒரே வயசு கறியா, பாத்தாலே தெரியல?"ன்னாங்க. ரெண்டாவது பறவைல காலையும் முதுகையும் தனியா வெட்டி ரெண்டு மணி நேரம் சின்ன தீயில சாறு வெச்சேன், நெஞ்ச மட்டும் மெல்லிசா நறுக்கி கடைசி 4 நிமிஷம் மொளகு, கருவேப்பில போட்டுப் பெரட்டி எடுத்தேன். அன்னைக்குத்தான் நல்லா இருந்துச்சு. ராகி மாவு இங்க இந்தியன் கடைல கெடைக்குது, களி கிண்ட துடுப்பு இல்ல, மரக்கரண்டி ஒண்ணு ஒடைஞ்சுது.

காவேரிப்பட்டினம் பண்ணை:

எல்லாரும் நல்லா சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணு சேத்துக்கிறேன். சாறுக்கு அக்கா நாட்டுக்கோழி சொன்னாங்க, அது சரிதான், ஆனா காட்டுப் பறவை ருசி வேணும்னா கினிக் கோழி போடுங்கண்ணா. நான் 60 உருப்படி வளக்கிறேன். ஆப்பிரிக்காலேர்ந்து வந்த பறவை, வீட்டுப் பறவைதான், வளக்கவும் திங்கவும் தடை ஏதும் இல்ல. கறி கோழியவிட கருஞ்செவப்பா இருக்கும், கொழுப்பு ரொம்ப கம்மி, பகல் முழுக்க ஓடி கரையான், பூச்சி, புல்லு வெதைன்னு மேயுறதால அந்தக் காட்டு வாசன இயல்பாவே இருக்கும். எங்க பண்ணைக்கு வந்த பெரியவங்க சிலர் சாப்ட்டுட்டு கௌதாரி மாதிரியே இருக்குன்னு சொல்லியிருக்காங்க.

வறுவலுக்கு 4 மாசத்துக்குள்ள இருக்குறது, சாறுக்கு ஒரு வருஷம் தாண்டுனது. வயசு எப்படிப் பாக்குறதுன்னா நெஞ்செலும்போட கீழ் முனைய வெரலால அழுத்துங்க, பிஞ்சுன்னா குருத்தெலும்பா வளையும், முத்துனதுன்னா வளையவே வளையாது.

அப்புறம் முக்கியமா, எந்தப் பறவையா இருந்தாலும் அறுத்த ஒடனே சட்டில போடாதீங்க. அறுத்த கொஞ்ச நேரத்துல ஒடம்பு வெறச்சுக்கும், அந்த நேரத்துல வேக வெச்சா ரப்பர்தான். முத நாள் சாயங்காலம் அறுத்து சுத்தம் பண்ணி மூடி போட்ட பாத்திரத்துல பிரிட்ஜுக்குள்ள வெச்சுட்டு மறுநாள் சமைங்க. இந்த ஒரு விசயத்த மாத்துனதுக்கே என்கிட்ட வாங்குறவங்க நாலஞ்சு பேரு கறி இப்பதான் பூவா இருக்குன்னு சொன்னாங்க.

போச்சம்பள்ளி சந்தை ஞாயித்துக்கெழமைல சில சமயம் கினி வரும், காலைல சீக்கிரமா போயிருங்க. அங்க இல்லாட்டி பக்கத்துல கோழி வளக்கிறவங்ககிட்ட கேளுங்க, பாம்பு வந்தா கத்திக் காட்டிக் குடுக்கும்னு தோட்டத்துல விட நெறைய பேர் இப்ப வளக்குறாங்க.

பாலக்கோட்டான்:

வந்து சொல்லணும்னு இருந்தேன், 12 நாள் ஆயிடுச்சு.

போச்சம்பள்ளி சந்தைல கினிக் கோழி 3 கெடைச்சுது. ஒண்ணு முத்துனது, நெஞ்செலும்பு அழுத்திப் பாத்தே வாங்குனேன். காடை 4, கடக்காரர்கிட்ட ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி தோலோட வாங்குனேன், அவரே "எதுக்குங்க இவ்ளோ வேல"ன்னாரு, அம்மாவுக்குன்னதும் பொறுமையா ஒவ்வொரு இறகா பிடுங்கிக் குடுத்தாரு. சனிக்கெழம சாயங்காலம் அந்த முத்துன கினிய மட்டும் அறுத்து, காடையோட சேத்து பிரிட்ஜ்ல வெச்சேன். டாக்டர்கிட்ட கேட்டதுக்கு மொளகு குடுக்கலாம், மொளகாய கொறைங்கன்னாரு.

ஞாயித்துக்கெழம மொட்டமாடில மூணு செங்கல் வெச்சு அடுப்பு கூட்டுனேன். ராகித் தாள் எங்க மாமா வீட்லேர்ந்து ஒரு கட்டு வந்துச்சு. அம்மாவ சேர் போட்டு ஒக்கார வெச்சேன், வெயில்னு சொன்னதுக்கும் கேக்கல. மஞ்சள் பூசி மொத காடைய நெருப்புல காட்டுனதும், "இன்னும் கொஞ்சம் மேல தூக்குடா, தோல் வெடிக்குது"ன்னு சொன்னாங்க. அப்புறம் எழுந்து வந்து என் கைலேர்ந்து வாங்கி, ரெண்டாவதுலேர்ந்து நாலாவது வரைக்கும் அவங்களே வாட்டுனாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் அடுப்பு பக்கமே வராதவங்க. அந்தப் புகை வாசன வந்தப்ப கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

சாறு கினில வெச்சேன், சட்டிலதான், ஒண்ணே முக்கா மணி நேரம் ஆச்சு. மத்தபடி அக்கா சொன்ன கணக்கு அப்படியே. காஞ்ச மொளகா ஒண்ணே ஒண்ணு. களிய என் மனைவி கிண்டுனாங்க.

அம்மா ஒண்ணரை உருண்ட சாப்ட்டாங்க. ஒண்ணரைங்க. காடை ஒண்ணு முழுசா. சாறு ரெண்டாவது தடவ கரண்டியக் காட்டிக் கேட்டு வாங்குனாங்க. "எங்கப்பா மொளகு இன்னும் ஏத்துவாரு, இது பரவால்ல"ன்னாங்க. மறுநாள் காலைல மீதி சாறுல பழைய களியக் கரைச்சுக் குடிச்சிருக்காங்க, நான் எழுந்திருக்குறதுக்கு முன்னாடியே.

அக்கா, ஐயா, தம்பிங்க எல்லாருக்கும் எங்க வீட்டு சார்பா நன்றி. இனிமே வாரம் ஒரு தடவ வெக்கிறதா இருக்கோம்.

மீதி ரெண்டு கினிக் கோழிய அறுக்க அம்மா விட மாட்டேன்னுட்டாங்க, பின்னாடி கொய்யா மரத்துல ராத்திரி ஏறிக்குதுங்க. ஜோடியா இருந்தா முட்ட வெக்கட்டும்ங்கிறாங்க. காவேரிப்பட்டினம் தம்பி, இதுல எது சேவல் எது பெட்டைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.

காவேரிப்பட்டினம் பண்ணை:

படிச்சு மனசு நெறைஞ்சுது அண்ணா. உருவத்த வெச்சு சொல்றது கஷ்டம், சேவலுக்கு தாடி கொஞ்சம் பெருசா தொங்கும், ஆனா அத நம்பி ஏமாந்தவங்க உண்டு. சத்தத்த கேளுங்க. பெட்டைதான் ரெண்டு அசையா இழுத்துக் கத்தும், "க-கேங், க-கேங்"னு, அடிக்கடி கத்தும். சேவல் ஒத்தை அசையாத்தான் கத்தும், "சிக் சிக் சிக்"னு வேகமா. பெட்டையும் பயந்தா ஒத்தை அசைல கத்தும், ஆனா சேவல் ரெண்டு அசைல கத்தவே கத்தாது. அதனால காலைல ஒரு அர மணி நேரம் மரத்தடில ஒக்காந்து கேளுங்க, ரெண்டு அசை கேட்டுச்சுன்னா அது பெட்டை. கோடைலேர்ந்து மழைக்காலம் வரைக்கும் வெக்கும். முட்டைய பொதருக்குள்ள ஒளிச்சு வெக்கும், தேடிப் பாருங்க. பொரிக்க 26லேர்ந்து 28 நாள் ஆகும், அதுவா ஒழுங்கா அடகாக்காது, அடை இருக்குற நாட்டுக்கோழிக்கு வெச்சு விடுங்க.